மூலிகை எண்ணெய்: வெயிலில் வைப்பதா, சுடுதண்ணிச் சட்டியில் வைப்பதா, காய்ச்சுவதா?

களுவாஞ்சிகுடியில் இருக்கிற என் மச்சாள் போன மாதம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாள். "வேப்பிலை எண்ணெயை வெயில்ல வைக்கவா, அடுப்பில வைக்கவா? ஒண்டைச் சொல்லுகா." வீட்டிலேயே சவர்க்காரம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பிள்ளைகளின் வறண்ட கைகால்களுக்குப் பூச ஒரு எண்ணெயும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே போத்தல் போதும் என்று நினைத்திருந்தாள்.

தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் குசினியில் ஏழு வருடமாக இந்த வேலையைச் செய்துபார்த்த பிறகு, அவளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. திருப்பி இரண்டு கேள்விதான் கேட்டேன். அந்த எண்ணெய் கடைசியில் தோலில் நிற்கப்போகிறதா, சவர்க்காரத்துக்குள் போகப்போகிறதா? இப்போது என்ன மாதம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முறையைத் தேர்வது கஷ்டமில்லை.

நம் கைக்கு எட்டும் முறைகள் மூன்று. காய்ந்த மூலிகையை எண்ணெயில் போட்டு வெயில் சூட்டில் சில கிழமை ஊறவிடுவது ஒன்று. அதே போத்தலைச் சுடுதண்ணிச் சட்டிக்குள் இறக்கி மூன்று நான்கு மணித்தியாலம் வைப்பது இன்னொன்று. பச்சை இலையை அரைத்துச் சாறெடுத்து, எண்ணெயோடு சேர்த்துத் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சுவது மூன்றாவது. நம் அம்மம்மாமார் தலைக்கு வைக்கும் எண்ணெயை இப்படித்தான் செய்தார்கள்.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் கெடுத்த எண்ணெயெல்லாம் தண்ணீரால்தான் கெட்டது. முதல் வருடம் ஐப்பசியில் பச்சை வேப்பிலையைக் கழுவி, துணியால் ஒற்றி, ஜாம் போத்தல் ஒன்றில் நிரப்பி, தேங்காய் எண்ணெய் ஊற்றி யன்னலோரம் வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்ததும் புளித்த மணம் முகத்தில் அடித்தது. போத்தலைச் சரித்துப் பார்த்தால், எண்ணெய்க்கு அடியில் கலங்கிய தண்ணீர் தனியே உருண்டு வந்தது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த இலைகளின் நுனியெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். அந்தப் போத்தல் எண்ணெய் முழுவதையும் அன்று வளவுக்குள் குழிவெட்டி ஊற்றினேன்.

எண்ணெய்க்குள் தண்ணீர் இல்லாவிட்டால் பூஞ்சணத்துக்கும் கிருமிக்கும் அங்கே வாழ வழியில்லை. இலையில் இருக்கும் ஈரம்தான் அவற்றுக்கு இடம் கொடுக்கிறது. விற்றமின் ஈ குளிசையை உடைத்து ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எண்ணெய் காறிப்போவதை விற்றமின் ஈ தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பூஞ்சணத்தை அது தடுக்காது. ஆகவே வெயில் முறைக்கும் சுடுதண்ணி முறைக்கும் இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இலையைக் கசக்கினால் பொடியாக வேண்டும். காம்பை வளைத்தால் மடங்கக் கூடாது, ஒடிய வேண்டும். காம்பு மடங்கினால் இன்னும் ஒருநாள் காயவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் மாதம் முக்கியமாகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கே மலைநாட்டுப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து சூடேறி நம் பக்கம் இறங்கும் கச்சான் காற்றைப் பற்றி மட்டக்களப்பில் குறைசொல்லாதவர் இல்லை. உதடு வெடிக்கும், தோல் இழுக்கும், பின்னேரம் வரை தலை கொதிக்கும். ஆனால் மூலிகை காயவைக்க அதைவிட நல்ல காற்று கிடையாது. வேப்பிலையைச் சுளகில் பரப்பி வெயில் படாத விறாந்தையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முறுகிவிடும், பச்சை நிறமும் பெரிதாகக் குறையாது. அதே இலையைக் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது பரப்பினால் ஒரு கிழமையானாலும் தோல்போல வளைந்துகொண்டே கிடக்கும். ஆகையால் வருடம் முழுவதற்கும் வேண்டிய இலையை நான் கச்சானிலேயே காயவைத்து, காற்றுப்புகாத டின்களில் அடைத்துவிடுகிறேன். மாரியில் தொடங்குகிறவர்கள் மருந்துச் சரக்குக் கடையில் காய்ந்த மூலிகை வாங்கலாம். வாங்கியதை வீட்டில் ஒருமுறை முறித்துப் பார்க்க வேண்டும். கடையிலும் ஈரம் ஏறும்.

வெயில் ஊறல்

இது செலவு குறைந்த முறை, நாள்தான் அதிகம். 100 கிராம் காய்ந்த இலைக்கு 500 கிராம் எண்ணெய் என்பது என் கணக்கு. இலை பாரமில்லாமல் உப்பி நிற்பதால் 100 கிராம் போத்தலுக்குள் அடங்காவிட்டால் 50 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். கையால் நொறுக்கிப் போடுங்கள். மாவாக அரைத்தால் வேகமாக இறங்கும், ஆனால் வடிக்கும்போது துணியை அடைத்து உயிரை வாங்கிவிடும். எல்லா இலையும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு கிழமை.

இந்த முறையில் பலர் விடும் ஒரு பிழை உண்டு. போத்தலை எதுவும் சுற்றாமல் முற்றத்து வெயிலில் வைத்துவிடுகிறார்கள். இலையிலிருந்து எண்ணெயில் இறங்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி எண்ணெயைச் சீக்கிரம் காறச் செய்யும். நமக்குத் தேவை சூடு, வெளிச்சம் தேவையில்லை. நான் போத்தலைக் கடதாசிப் பைக்குள் போட்டு, மேலே கறுப்புத் துணி சுற்றி, தகரக் கூரையின் ஓரமாக வைக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை குலுக்கி, மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைப்பேன். அங்கே முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் இலை சரியாகக் காயவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்படி ஆகிவிட்டால், போத்தலை அன்றைக்கே சுடுதண்ணிச் சட்டிக்கு மாற்றி, வாயைத் திறந்துவைத்து ஈரத்தை ஓட்டிவிட வேண்டும்.

பலன் என்ன? மணம் கெடாமல் நிற்கும், நிறம் தெளிவாக இருக்கும். கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, துளசி மூன்றும் வெயிலில் நன்றாக இறங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாரிகாலத்தில் மட்டும் இந்த முறை வேண்டாம். வெயில் இரண்டு நாள் வந்து ஐந்து நாள் மறைந்தால், போத்தல் சூடேறி ஆறி, திரும்பவும் சூடேறி, உள்ளே நீர் கோத்துக்கொண்டே இருக்கும்.

சுடுதண்ணிச் சட்டி

அகலமான சட்டியின் அடியில் பழைய துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் போத்தலை நிறுத்தி, எண்ணெய் மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் 60 முதல் 70 பாகை சூட்டில் நின்றால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் சட்டியின் அடியைப் பாருங்கள். சிறுசிறு குமிழிகள் ஒட்டி நிற்கும், ஒன்றிரண்டு மேலே வரும். சூடு அந்த அளவில்தான் நிற்க வேண்டும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கினால் அடுப்பைக் குறைத்துவிடுங்கள். போத்தலை இறுக்கி மூட வேண்டாம். வாயில் மெல்லிய துணி கட்டினால் இலையில் மிஞ்சிய ஈரம் வெளியேறும், சட்டியின் ஆவி நேரே உள்ளே சொட்டவும் மாட்டாது. மூன்று நான்கு மணித்தியாலத்தில் எண்ணெய் நிறம் மாறியிருக்கும்.

றைஸ் குக்கரில் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் நிலையும் ஏறத்தாழ இதே சூடுதான். பானையில் தண்ணீர் ஊற்றி, போத்தலை உள்ளே நிறுத்தி, அந்த நிலையில் விட்டால் காஸ் மிச்சம். இரவு வைத்துக் காலையில் எடுக்கிறவர்களும் உண்டு. நான் ஆள் விழித்திருக்கும் நேரத்தில்தான் வைப்பேன்.

வெயில் எண்ணெயோடு வைத்துப் பார்த்தால் இதன் மணம் கொஞ்சம் மங்கல். ஆனால் மழையோ வெயிலோ இந்த முறைக்கு ஒன்றுதான். நாளைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் இன்றைக்குச் செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

சாறு காய்ச்சல்

கையாந்தகரை, வல்லாரை, கற்றாழை போன்றவை தண்ணீர்ச் சத்து நிறைந்தவை. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைத் துண்டுதுண்டாக வெட்டி எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது அழுகத்தான் செய்யும். இவற்றைக் காய்ச்சத்தான் வேண்டும்.

வைத்திய முறையில் எண்ணெய் காய்ச்சும்போது அரைத்த மருந்து ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறோ கசாயமோ பதினாறு பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டில் அவ்வளவு சாறு வைத்து வற்றவிட யாருக்கும் நேரமில்லை. என் மாமி ஒரு போத்தல் எண்ணெய்க்கு இரண்டு போத்தல் கையாந்தகரைச் சாறு என்று வைப்பார். பாதிக்குமேல் நிரம்பாத வாயகன்ற தாச்சி, விறகடுப்பில் சிறு தீ. முதல் ஒரு மணித்தியாலம் சாறு பச்சையாகக் கொதிக்கும், நுரை ஏறும், தாச்சி சின்னதாக இருந்தால் பொங்கி அடுப்பில் வழியும். பிறகு சத்தம் மாறும். தளதளப்பு அடங்கி, பொரிக்கும்போது வருவதுபோலச் சடசடவென்று கேட்கும். தண்ணீர் முடியப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

முதல்முறை நான் அந்தச் சடசடப்பைக் கேட்டதும் தாச்சியை இறக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்துவிட்டார். "சத்தம் அடங்கட்டும் மகள். மறுகா இறக்கலாம்." அகப்பையால் அடியில் படிந்த கசடைக் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆறவிட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். திரிபோல உருண்டது, விரலில் ஒட்டவில்லை. அந்தத் திரியை அடுப்புத் தீயில் பிடித்தார். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அன்று அது சத்தமில்லாமல் எரிந்தது. உடனே தாச்சியை இறக்கி, எண்ணெயைத் துணியில் வடித்துவிட்டார். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசடு கருகி முழு எண்ணெயும் கைத்துவிடும் என்றார். கசடு மெழுகுபோல உருளும் மெழுகுப் பதத்தைத் தாண்டி, மணல்போல உதிரும் மணல் பதத்துக்குப் போகிற நேரம் சில நிமிடம்தான். இந்த முறையின் கஷ்டமெல்லாம் அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது.

தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். முகத்துக்கு வேண்டாம், காய்ச்சிய எண்ணெயின் வாசம் முகத்தில் நாள் முழுக்க நிற்கும். சவர்க்காரத்துக்கு நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சவர்க்காரத்துக்குள் போனால் என்ன மிஞ்சும்?

எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரம் காஸ்டிக் சோடா. அதன் கரைசல் எண்ணெயோடு சேர்ந்ததும் எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. பெரும்பகுதி சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். அந்தக் காரத்துக்குள் மூலிகையின் மென்மையான மணம் நிற்காது. ஆறு கிழமை வெயிலில் வைத்த துளசி எண்ணெயில் நான் செய்த கட்டியை முகர்ந்த யாருக்கும் துளசி நினைவுக்கு வரவில்லை. நிறமும் அப்படித்தான். வேப்பிலைப் பச்சை முதலில் அழகாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டு மண்நிறமாகிவிடும். மஞ்சள் காரத்தில் செங்கல் நிறமாகத் திரும்பி, கட்டி முதிர முதிர மஞ்சள் பக்கம் வரும். செவ்வரத்தையின் சிவப்பு தண்ணீரில் கரையும் நிறம் என்பதால் எண்ணெயில் இறங்கவே இறங்காது. பூவை நேரே சவர்க்காரத்தில் போட்டாலும் பழுப்பாகிவிடும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சவர்க்காரம் தோலில் நிற்பது ஒரு நிமிடம். மிஞ்சிய நல்லதில் பெரும்பங்கு கிணற்றடித் தண்ணீரோடு போய்விடும்.

போன வருடம் ஒரே நாளில் இரண்டு தொகுதி செய்தேன். ஒன்றில் வேப்பிலை ஊறிய எண்ணெய். மற்றதில் வெறும் எண்ணெய், ஆனால் காஸ்டிக் சோடாவைக் கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாக நன்றாக ஆறிய வேப்பிலைக் கசாயம். ஆறு கிழமை கழித்து வீட்டில் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். நுரையிலோ, குளித்த பிறகு தோல் இருக்கும் விதத்திலோ ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து சவர்க்காரத்துக்குக் கசாயம், அல்லது அரைக் கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி இலைப்பொடி. ஊறிய எண்ணெய்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் சுடுதண்ணிச் சட்டி எண்ணெயைப் போடுவேன். கச்சானில் ஊறிய எண்ணெயைச் சவர்க்காரத்தில் ஊற்ற எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

ஊறிய எண்ணெயில் செய்வதானால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். காய்ந்த இலை எண்ணெயைக் குடிக்கும். 500 கிராம் ஊற்றினால் 500 கிராம் திரும்பி வராது. வடித்ததைத் தராசில் திரும்ப நிறுத்து, அந்த நிறைக்குத்தான் காஸ்டிக் சோடா கணக்கிட வேண்டும். ஊற்றிய நிறைக்குக் கணக்கிட்டால் காரம் மிஞ்சித் தோலைச் சுட்டுவிடும். இலை ஊறியதால் எண்ணெயின் கணக்கு மாறுவதில்லை. தேங்காய் எண்ணெய்க்கு என்ன கணக்கோ வேப்பிலை ஊறிய தேங்காய் எண்ணெய்க்கும் அதே கணக்குத்தான். என் வழக்கமான அளவு: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, ஆமணக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 75, தண்ணீரோ கசாயமோ 150. இதில் ஏறத்தாழ 8 வீதம் எண்ணெய் மாறாமல் மிஞ்சித் தோலுக்கு இதமாக நிற்கும். அளவெல்லாம் தராசில்தான், கரண்டியில் இல்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீருக்குள் மெல்ல மெல்லப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கிட்டவே வரக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அந்த நேரம் குசினிக்குள் விடாதீர்கள். வெட்டிய கட்டிகளை நான்கு முதல் ஆறு கிழமை காற்றில் முதிரவிட வேண்டும். மாரியில் இன்னும் இரண்டு கிழமை கூட்டிக்கொள்வேன்.

எந்த எண்ணெயில் ஊறவைப்பது?

தேங்காய் எண்ணெய் காறிப்போக நாளெடுக்கும், நம் சூட்டில் உறைவதும் அரிது. சவர்க்காரத்துக்கு அது இல்லாமல் முடியாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். 2004 சுனாமியில் கடல் ஏறிய கிணறுகள் பலவும் இந்தப் பக்கத்தில்தான். உவர்த் தண்ணீரில் மற்ற எண்ணெய்ச் சவர்க்காரங்கள் நுரைக்கத் தடுமாறும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் நுரைக்கும். ஆனால் தோலில் அப்படியே பூசும்போது சிலருக்கு அது முகத்தில் பருவைக் கிளப்பும்.

பூசுவதற்கு நான் விரும்புவது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். காறாமல் காக்கும் சத்து எள்ளிலேயே இயல்பாக இருக்கிறது, வறண்ட தோலில் கனமில்லாமல் நிற்கும். எள் வாசம் பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலக்கலாம். ஆமணக்கெண்ணெய் தடிப்பானது, தனியாக அதில் இலை நன்றாக ஊறாது. ஒலிவ் எண்ணெய் நல்லதுதான், விலைக்குக் கட்டாது. சூரியகாந்தி எண்ணெயை வெயில் முறைக்கு எடுக்காதீர்கள், சீக்கிரம் காறும். காறத் தொடங்கிய எண்ணெயில் செய்த சவர்க்காரத்தில் இரண்டு மாதத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் விழும்.

தேசிக்காய்த் தோலை எண்ணெயில் ஊறவைத்து முகத்தில் பூச ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிக் கறுக்கலாம். நான் அதைச் செய்வதை விட்டுவிட்டேன். எந்தப் புது எண்ணெயையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பார்த்த பிறகே பூசுங்கள். வெடித்த தோலிலும் புண்ணிலும் வேண்டாம். கைக்குழந்தைக்கு மருத்துவரிடம் கேளுங்கள்.

வடிக்கும்போது துணியைக் கடைசிச் சொட்டுவரை பிழியத் தோன்றும். பூசும் எண்ணெயில் பிழியாதீர்கள், ஈரமும் கசடும் அதில்தான் வரும். பிழிந்ததைத் தனியாக வைத்துச் சவர்க்காரத்துக்குப் பயன்படுத்தலாம். வடித்ததை ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வெயிலில் காய்ந்த நிறப் போத்தலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது என் பழக்கம்.

மச்சாளுக்குக் கடைசியில் இப்படிச் சொன்னேன். இது ஆடி மாதம், கச்சான் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பூச நல்லெண்ணெயில் வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் போட்டு இப்பவே வெயிலில் வை, ஆவணி முடிய வடிக்கலாம். சவர்க்காரத்துக்கு எண்ணெய் ஊறவைக்காதே, கசாயம் போதும். மிச்ச இலையைக் காயவைத்து டின்னில் அடை. மாரியில் திடீரென்று எண்ணெய் தேவைப்பட்டால் சுடுதண்ணிச் சட்டி இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் படம் அனுப்பியிருந்தாள். விறாந்தையில் நாலு சுளகு நிறைய வேப்பிலை, ஓரத்தில் ஒரு காம்பு இரண்டாக ஒடித்து வைக்கப்பட்டிருந்தது.